மூன்றாவது குழாய்

யாழ்ப்பாணத்துச் சைவ வீடுகளில் வளர்ந்தவர்களுக்குச் "சும்மா இரு" என்ற உபதேசம் சிறுவயதிலேயே காதில் விழுந்துவிடும். கொழும்புத்துறைக் குடிலில் வாழ்ந்த யோகர் சுவாமிகள் தம்மைத் தேடி வந்தவர்களுக்கு அதைத் திரும்பத் திரும்பச் சொன்னார். முருகன் அருணகிரிநாதருக்குச் சொன்னதும், மௌனகுரு தாயுமானவருக்குச் சொன்னதும் அதுவே என்பது மரபு. கேட்க எளிது. அதன்படி இருக்கப் பார்ப்பவருக்குத்தான் கேள்வி எழும்: எதை நிறுத்த வேண்டும்? கையின் வேலையையா, வாயின் பேச்சையா, மனத்தின் ஓட்டத்தையா? எல்லாம் நின்றபின் மிஞ்சுவதுதான் அமைதி என்றால், உயிர் போன உடம்பைவிட அமைதியானது எது?

இதற்குப் பதில் நூல்களிலும் இருக்கிறது, பெரியவர்களிடமும் இருக்கிறது. எனக்கு அது விளங்கிய இடம் வேறு. பவளம் வளரும் ஒரு கடல்நீர்த் தொட்டியின் வடிகாலைச் சத்தமில்லாமல் ஓடவைக்கும் வேலையில், தண்ணீர் எப்போது இரைகிறது, எப்போது இரையாமல் ஓடுகிறது, ஓடாமல் நின்றால் என்ன ஆகும் என்று பார்த்துப் பார்த்து, சாமிக்கு முன்னால் நின்று நாம் கேட்கிற அமைதி எதுவாக இருக்க வேண்டும் என்பதில் எனக்கு ஓர் உறுதி வந்தது. அந்த உறுதியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் கனடாவில், ஸ்காபரோவில், குழாய் வேலை செய்பவன். வீடுகளுக்குள் நல்ல தண்ணீரைக் கொண்டுவருவதும் கழிவுநீரை வெளியே அனுப்புவதும் தொழில். எங்கள் வீட்டுக் கூடத்தில், சாமி அறைச் சுவரை ஒட்டி, 400 லீற்றர் கொள்ளும் தொட்டி இருக்கிறது. அதில் உள்ள அக்ரோபோரா, மொன்டிபோரா, யூஃபிலியா எல்லாம் இங்கேயே வேறு வீட்டுத் தொட்டிகளில் வளர்ந்த பவளங்களிலிருந்து ஒடித்துத் தந்த துண்டுகள். விரல் நுனியளவில் வந்தவை இன்று கைப்பிடி அளவுக்குக் கிளை விட்டிருக்கின்றன. பவளம் கல்லைப்போல் இருக்கும். அந்தக் கல்லைப் போர்த்தியிருப்பது உயிர். அதன் உடம்புக்குள் குடியிருக்கும் நுண்பாசி பகலில் வெளிச்சத்தை உண்டு அதற்குச் சாப்பாடு கொடுக்கிறது. நகர முடியாத உயிர் என்பதால் மூச்சும் உணவும் அதைத் தேடி வரவேண்டும். கொண்டுவருவது தண்ணீரின் ஓட்டம். கழிவைக் கழுவிப் போவதும் அந்த ஓட்டந்தான்.

தொட்டியின் மேல் விளிம்பில் பற்கள் வெட்டிய ஒரு தடுப்பு உண்டு. மேற்பரப்புத் தண்ணீர் அதன்மேல் வழிந்து, பின்னாலுள்ள சிறு பெட்டிக்குள் விழுந்து, குழாய் வழியே கீழே அலுமாரிக்குள் இருக்கும் சம்ப் என்ற இரண்டாவது தொட்டிக்கு இறங்கும். அங்கே சூடாக்கி இருக்கிறது, அழுக்கை நுரையாக்கிப் பிரிக்கும் ஸ்கிம்மர் இருக்கிறது. சுத்தமான தண்ணீரைப் பம்ப் மேலே தள்ளும். எங்கள் தொட்டியில் மணிக்கு ஏறத்தாழ 2,000 லீற்றர் இப்படி இறங்கி ஏறுகிறது. பம்ப் இலேசாக இரையும், அது காதுக்குப் பழகிவிடும். பழகாதது இறங்கும் தண்ணீரின் சத்தம். களகளவென்று கொப்புளிக்கும், கொஞ்சம் அடங்கும், திடீரென்று மலகூடத்தில் தண்ணீர் திறந்துவிட்டதுபோல் உறிஞ்சி இழுக்கும், மறுபடி கொப்புளிக்கும்.

அம்மா எங்களோடு இருக்கிறா. விடியப்புறம் எழும்பி, குளித்து, திருநீறு பூசி, சாமி அறையில் அரைமணி நேரம் கண்மூடி இருப்பது அவவின் பழக்கம். "தம்பி, இந்தத் தொட்டி இரவிரவாக் கொப்புளிச்சுக்கொண்டு கிடக்கு. இதை நிப்பாட்ட ஏலாதோ?" என்று கேட்டா. குறையாகச் சொல்லவில்லை. நிப்பாட்ட முடியுமா என்று அறியத்தான் கேட்டா. அந்தக் கேள்விக்கு ஒழுங்கான பதில் கொடுக்க வேண்டும் என்று நினைத்தேன்.

நிப்பாட்ட மூன்று வழிகள் உடனே கண்ணுக்குத் தெரியும். அலுமாரிக் கதவுக்கு உட்புறம் பஞ்சுத்தகடு ஒட்டிச் சத்தத்தை உள்ளேயே அடைப்பது முதலாவது. பம்பை மெதுவாக்குவது இரண்டாவது. இரவில் பம்பை அணைத்துவிடுவது மூன்றாவது. முதல் வழியில் சத்தம் இருந்த இடத்திலேயே இருக்கும், நமக்குக் கேட்காது, அவ்வளவே. இரண்டாவதில் சூடும் மூச்சும் சுத்தமும் சேர்ந்து குறையும். மூன்றாவது கொலை. இரவில் வெளிச்சம் இல்லாததால் நுண்பாசி ஒட்சிசன் தராது. ஆனால் பவளமும் மீனும் பாசியும் பாறையிலுள்ள கோடிக்கணக்கான பக்டீரியாவும் விடிய விடிய மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும். தண்ணீரில் ஒட்சிசன் மிகவும் இறங்கியிருப்பது விடியலுக்குச் சற்று முன்பு. அம்மா கண்மூடி இருக்கிற அதே நேரம். அந்த நேரத்து அமைதிக்காக ஓட்டத்தை நிறுத்தினால், சுவருக்கு இந்தப் பக்கம் ஒருவர் சிவனை நினைக்க, அந்தப் பக்கம் உயிர்கள் மூச்சுத் திணறும்.

ஆகவே சத்தம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் அறியவேண்டியிருந்தது. தண்ணீரின் சத்தம் என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி காற்றின் சத்தம். நெதர்லாந்தில் பணியாற்றிய மார்சல் மின்னார்ட் என்ற வானியலாளர் 1933இல் இதைக் கணக்காகவே எழுதினார். தண்ணீருக்குள் அகப்பட்ட காற்றுக்குமிழி சுருங்கி விரிந்து அதிர்கிறது, அந்த அதிர்வுதான் ஓடையின் பாட்டு. ஒரு மில்லிமீற்றர் ஆரமுள்ள குமிழி ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ 3,300 தடவை அதிரும். குமிழி பெரிதாக ஆகச் சுருதி இறங்கும். சொட்டும் குழாயின் "டொக்" ஒலியும் துளி விழும்போது அதன் கீழே சிறைப்படும் குமிழியிலிருந்து வருவதே என்று கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2018இல் அதிவேகக் கமெராவால் காட்டினார்கள். குழாய் முழுக்கத் தண்ணீர் நிரம்பி, ஒரு குமிழியும் இல்லாமல் ஓடினால், கிட்டத்தட்டச் சத்தமே இராது.

அப்படியானால் காற்றுத்தான் குற்றவாளியா? குழாய் வேலை செய்பவனுக்கு அப்படிச் சொல்ல மனம் வராது. வீட்டுக் கழிவுக்குழாயை நாங்கள் ஒருபோதும் நிரம்பி ஓட விடுவதில்லை. தண்ணீர் குழாயின் சுவரை ஒட்டி இறங்கும், நடுவில் காற்றுக்கு வழி இருக்கும், மேலே கூரையைத் தாண்டி வென்ட் குழாய் திறந்திருக்கும். அந்த வென்ட்டில் பனி அடைத்தால் குசினிச் சிங்க் கொப்புளிக்கும். நாற்றத்தைத் தடுக்கும் ட்ராப்பில் நிற்கும் தண்ணீர் உறிஞ்சப்பட்டுவிடும். எங்கள் தொழிலில் கொப்புளிப்புக் கேட்டால் காற்றுக்கு வழி கொடுக்கவில்லை என்று பொருள். பவளத் தொட்டிக்காரர்களும் முதலில் இதே வழியில்தான் போனார்கள். ரிச்சர்ட் டர்சோ என்பவர் பெயரால் வழங்கும் டர்சோ குழாய், மேலே வளைவு வைத்து, மூடியில் சிறு துளை விட்டு, அந்தத் துளையால் காற்றை அளந்து உள்ளே விடும். கொப்புளிப்புக் குறையும். ஆனால் தண்ணீர் அளவு கூடும்போது இரைச்சல் திரும்ப வரும்.

அடுத்து வந்தது எதிர் வழி. குழாயில் காற்றே இல்லாமல் செய்வது. அதுதான் சைஃபன். குழாயின் கீழ்ப்பகுதியில் ஒரு கேட் வால்வு வைத்து, தண்ணீர் இறங்கும் அளவைப் பம்ப் ஏற்றும் அளவுக்குச் சமமாகும்வரை இறுக்கினால், பெட்டியில் நீர்மட்டம் குழாய் வாய்க்கு மேலே ஏறி நிற்கும், காற்று உள்ளே போகாது, சத்தம் அறுந்துபோகும். சைஃபனாக ஓடும் ஓர் அங்குலக் குழாயால் எங்கள் 2,000 லீற்றரைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் இறக்க முடியும். அதனால்தான் வால்வால் அடக்கவேண்டியிருக்கிறது. கால் திருப்பில் திறந்து மூடும் போல் வால்வு இதற்குச் சரிவராது. பல சுற்றுச் சுற்றி, மயிரிழை மயிரிழையாக இறுக்கும் கேட் வால்வுதான் வேண்டும்.

இங்கேதான் நான் நின்று யோசித்த இடம் வருகிறது. எவ்வளவு நுட்பமான வால்வாக இருந்தாலும், இறங்குவதையும் ஏறுவதையும் முற்றும் சமமாக்க முடியாது. இன்றைக்குச் சமமாக இருந்தால் நாளைக்கு இராது. பம்பின் சுழலியில் சுண்ணாம்பு படியும். குழாயின் உட்சுவரில் வழுவழுப்பு வளரும். சைஃபன் தன்னைத் தானே திருத்திக்கொள்வதும் அரிது. அதன் வேகம் மேல்மட்டத்துக்கும் கீழ்மட்டத்துக்கும் உள்ள உயரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. உயரம் ஒரு மீற்றர் என்று வைத்தால், பம்பின் ஓட்டம் நூற்றில் மூன்று பங்கு மாறுவதற்கே நீர்மட்டம் ஆறு சென்ரிமீற்றர் ஏறவோ இறங்கவோ வேண்டும். பெட்டியில் அதற்கு இடம் இல்லை. மட்டம் ஏறிக்கொண்டே போனால் தொட்டி வழியும். இறங்கிக்கொண்டே போனால் குழாய் வாய் காற்றை விழுங்கி, மறுபடியும் பழைய கொப்புளிப்பு.

இதற்குத் தீர்வாகப் பீன்அனிமல் என்ற புனைபெயரில் எழுதிய ஒருவர் பரவச்செய்த ஏற்பாட்டில் மூன்று குழாய்கள் உண்டு. முதலாவது சைஃபன், கிட்டத்தட்ட எல்லாத் தண்ணீரும் அதில் போகும். இரண்டாவது காற்று உள்ள திறந்த குழாய். முதலாவதை வேண்டுமென்றே ஒரு சொட்டு அதிகமாக இறுக்கி, மிஞ்சும் சிறு தாரையை இரண்டாவதில் விடவேண்டும். அந்தத் தாரை குழாயின் சுவரை நனைத்துக்கொண்டு சத்தமில்லாமல் வழியும். பம்ப் சற்றுக் கூடினால் தாரை சற்றுத் தடிக்கும், குறைந்தால் மெலியும். மட்டம் சில மில்லிமீற்றருக்கு மேல் அசையாது. மூன்றாவது குழாய் இரண்டையும்விட உயரத்தில், வாய் திறந்தபடி, உலர்ந்து நிற்கும்.

நான் அப்படியே கட்டினேன். பம்பைப் போட்டதும் சிறிது நேரம் பெரிய இரைச்சல். குழாயில் இருந்த காற்றெல்லாம் கீழே தள்ளப்பட்டு வெளியேறியது. அது இலகுவில் வெளியேற வேண்டும் என்றால் குழாயின் நுனி சம்ப் தண்ணீருக்குள் ஓர் அங்குலத்துக்குமேல் ஆழமாகப் போகக்கூடாது. பிறகு அடங்கியது. அம்மா வந்து தொட்டியைத் தொட்டுப் பார்த்தா. "நிப்பாட்டிப்போட்டியோ?" "இல்லையம்மா, ஓடுது. முந்தின அளவேதான் ஓடுது." மேலே பவளத்தின் கைகள் ஆடிக்கொண்டிருந்ததைக் காட்டிய பிறகுதான் நம்பினா.

ஓட்டம் அப்படியே இருக்க, சத்தம் மட்டும் போய்விட்டது. யாரும் அடக்கப்படவில்லை. காற்றுக்கும் தண்ணீருக்கும் வேறு வேறு வழி கிடைத்தது, அவ்வளவே. காற்றைத் தொட்டி அமைப்பிலிருந்து துரத்தவும் இல்லை. கீழே ஸ்கிம்மருக்குள் அதே காற்றைத்தான் தூள்தூளாக்கித் தண்ணீரோடு கலக்கிறோம். அழுக்கு பிரிவதும் தண்ணீர் மூச்சு வாங்குவதும் அந்தக் கலப்பில். சேர வேண்டிய இடத்தில் சேர்ந்தால் அது உயிர் வளர்க்கும் வேலை. எந்த வழியில் போவது என்று தீர்மானிக்கப்படாமல் இரண்டும் ஒரே குழாயில் முட்டிக்கொள்ளும்போதுதான் இரைச்சல். என் மனத்தின் இரைச்சலை எடுத்துப் பார்த்தாலும் இதுவே உண்மையாகத் தெரிகிறது. மகளின் படிப்புச் செலவை நினைப்பது தவறல்ல. திருமுறை ஓதுவதும் தவறல்ல. ஓதும்போது செலவும், செலவைக் கணக்குப் பார்க்கும்போது குற்ற உணர்ச்சியும் ஒரே குழாயில் இறங்கும்போது நெஞ்சு கொப்புளிக்கிறது.

இரண்டாவது குழாய் எனக்குச் சொன்னது இன்னும் பெரியது. தியானம் என்று உட்காரும் பலர் வால்வை முற்றாக இறுக்கப் பார்க்கிறார்கள். ஒரு நினைப்பும் வரக்கூடாது, ஒரு துளியும் மிஞ்சக்கூடாது. அப்படி இறுக்கியவர்கள் சில நாட்களில் வழிந்து, கோபமாகவோ சோர்வாகவோ வெளியே வருவதைக் கண்டிருக்கிறேன். அம்மாவைப் பார்த்தால் அப்படி இல்லை. கண்மூடி இருக்கும் நேரம் முழுக்க அவவின் விரல்கள் உருத்திராக்கத்தை உருட்டிக்கொண்டிருக்கும். யாராவது ஒருவரின் நோய் நினைவுக்கு வந்தால், "சிவசிவா" என்று மெல்லச் சொல்லி அதைப் போகவிடுவா. மிஞ்சுவதற்கு ஒரு வழி வைத்திருக்கிறா. அந்த மெல்லிய தாரை ஓடுவதால்தான் பெரிய ஓட்டம் குலையாமல் இருக்கிறது. முழுமை என்பதற்கு மிச்சமே இல்லாமை என்று பொருள் கொள்வது மனிதரை உடைக்கும். மிச்சத்துக்கு மதிப்பான ஓர் இடம் கொடுப்பதுதான் நிலைக்கக்கூடிய முழுமை.

இனி மூன்றாவது குழாய். அதில் தண்ணீர் போவதில்லை. பணம் கொடுத்து வாங்கி, கண்ணாடியில் துளையிட்டு, பசை போட்டு ஒட்டி, உலரவிட்டு வைத்திருக்கிறோம். அது ஒருநாளும் பயன்படக்கூடாது என்பதே நம் விருப்பம். ஆனால் ஒரு நத்தை ஊர்ந்துபோய் முதலாவது குழாயின் வாயில் அடைத்துக்கொண்டால், தண்ணீர் ஏறி, இரண்டாவதைச் சைஃபனாக்கி, அதுவும் போதாவிட்டால் மூன்றாவதில் விழும். விழும்போது பயங்கரச் சத்தம் போடும். அந்தச் சத்தத்தையும் அடக்க நம்மால் முடியும், அடக்கக்கூடாது. வீட்டில் உள்ளவர்களை எழுப்புவதற்காகவே அது இரைய வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் பழைய வீடுகளின் வாசலில் சங்கடப்படலை இருந்தது. கூரை போட்டு, இருக்கத் திண்ணை கட்டி, வெயிலிலோ மழையிலோ அகப்பட்ட எவரும் ஒதுங்குவதற்காகத் தெருப்பக்கம் திறந்து விட்டிருப்பார்கள். வீட்டுக்காரருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. பெரும்பாலும் வெறுமையாகத்தான் கிடக்கும். அந்த வெறுமையை ஒரு கடமையாக நினைத்துப் பராமரித்தார்கள். மூன்றாவது குழாயை நான் அப்படித்தான் பார்க்கிறேன். இன்னொரு உயிரைத் தன் பொறுப்பில் எடுத்தவர், அந்த உயிருக்கு வரக்கூடிய கெட்ட நாளுக்காகத் தன்னில் ஒரு வழியை வெறுமையாக வைத்திருக்க வேண்டும். நேரம் முழுவதையும், பணம் முழுவதையும், பொறுமை முழுவதையும் அன்றாட ஓட்டத்துக்கே கொடுத்துவிட்டவரிடம், கஷ்டம் வந்து கதவைத் தட்டும்போது திறக்க ஒன்றும் இராது. நெடுந்தீவில் வேலிகளைப் பவளக் கல்லால் அடுக்கியிருப்பதை நான் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். அன்று அது எனக்கு வெறுங் கல். அதே உயிரை ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் நம்பி வைத்தபிறகு, பவளம் தானாக என்னிடம் வரவில்லை, நான் கொண்டுவந்தேன் என்பதை மறக்க முடியவில்லை. கொண்டுவந்தவனுக்குக் கடன் இருக்கிறது.

சத்தத்தை எல்லாம் தீமை என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 1987 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தில் இரவு பகலாக ஊரடங்கு. வெடிச்சத்தம் ஓய்ந்த இடைவெளிகளில் தெருவில் ஒரு சைக்கிள் மணி கேட்காது. கோயில் மணி கேட்காது. தூரத்தில் ஒரு வீட்டில் பிள்ளை அழுதால், உடனே யாரோ வாயைப் பொத்துவது தெரியும். அதையும் அமைதி என்று எழுதியவர்கள் இருந்தார்கள். நான் அந்த வீடுகளில் ஒன்றுக்குள் இருந்தவன். ஓட்டத்தை நிறுத்திப் பெற்ற அமைதியும், அழுகையைப் பொத்திப் பெற்ற அமைதியும் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆகவே, சத்தம் இல்லை என்பதை மட்டும் வைத்து ஒரு வீட்டையோ நாட்டையோ மனத்தையோ அமைதியானது என்று நான் இனிச் சொல்லமாட்டேன். ஆபத்து வந்தால் அங்கே கத்துவதற்கு வழி இருக்கிறதா, கத்தினால் யாராவது எழும்பி வருவார்களா என்று கேட்ட பிறகே சொல்வேன்.

எங்கள் தொட்டி தரும் அமைதியின் அடியில் எப்போதும் யாரோ ஒருவருடைய உழைப்பு இருக்கிறது. 1846இல் அன்னா தின் என்ற ஆங்கிலப் பெண், டோர்க்கீ கடற்கரையிலிருந்து கற்பவளங்களை லண்டனுக்குக் கொண்டுவந்து வீட்டில் வளர்த்தார். கணவர் வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் உயர்ந்த குருப்பதவி வகித்தவர். லண்டனில் கடல்நீர் எளிதில் கிடைக்காது. இருக்கும் தண்ணீரையே உயிரோடு வைத்திருக்க, திறந்த யன்னலுக்கு முன்னால் ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொரு பாத்திரத்துக்கு நாளும் அரைமணி முதல் முக்கால் மணி நேரம்வரை அதை ஊற்றி ஊற்றிக் காற்றேற்ற வேண்டியிருந்தது. அந்த வேலையைச் செய்தவர் வீட்டுப் பணிப்பெண். வீட்டுக்குள் பவளம் வளர்த்த வரலாறு ஒரு பெண்ணின் கைவலியோடு தொடங்குகிறது. இன்று அந்தக் கையின் இடத்தில் பம்ப் இருக்கிறது. பம்பின் பின்னால் மின்சாரம், அதன் பின்னால் நள்ளிரவில் கம்பம் ஏறுகிற தொழிலாளி.

2013 டிசெம்பர் 21ஆம் திகதி இரவு ரொறன்ரோவில் உறைமழை பெய்தது. மரக்கிளைகள் பனிக்கட்டிச் சுமை தாங்காமல் முறிந்து கம்பிகளில் விழுந்தன. நகரத்தில் ஏறத்தாழ 3 லட்சம் இணைப்புகளுக்கு மின்சாரம் போனது; சில இடங்களில் நத்தார் கழிந்த பின்னும் திரும்பவில்லை. எங்கள் வீட்டில் அதை முதலில் அறிந்தது அம்மா. "தம்பி, எழும்பு. தொட்டி மூச்சு விடேல்லை" என்று கதவைத் தட்டினா. சத்தமில்லாமல் ஓடும் தொட்டி நின்றுபோனதை எப்படிக் கண்டுபிடித்தா என்று கேட்டேன். சுவருக்குள்ளால் வரும் மெல்லிய அதிர்வு இல்லை என்றா. விடியப்புறங்களில் அந்தச் சுவருக்குப் பக்கத்தில் இருந்து இருந்து, ஓடுகிற அமைதியும் நின்ற அமைதியும் வேறு வேறு என்று அவவின் உடம்பு படித்திருந்தது.

பம்ப் நின்றதும் தடுப்பின் பல் மட்டம்வரை தண்ணீர் கீழே இறங்கி, சம்பில் அதற்காக விட்டிருந்த வெற்றிடத்தில் அடங்கியது. ஒரு துளி நிலத்தில் சிந்தவில்லை. தொட்டியைக் கம்பளியால் சுற்றினோம். பற்றரியில் ஓடும் சிறிய காற்றுப்பம்பைப் போட்டோம், அது போதாது. "இஞ்சேருங்கோ, கோப்பையாலை அள்ளி ஊத்தினால் என்ன?" என்று மனைவி கேட்டா. அப்படியே செய்தோம். நானும் அவவும் மகளும் மாறி மாறித் தொட்டித் தண்ணீரை அள்ளி, உயரத்திலிருந்து திரும்ப அதற்குள்ளேயே ஊற்றினோம். கூடமெல்லாம் இரைச்சல். காற்றையும் தண்ணீரையும் பிரித்து வைக்க நான் அவ்வளவு பாடுபட்ட வீட்டில், இரண்டையும் கலக்கும் சத்தம் இரவிரவாகக் கேட்டது. மகள் களைத்துப்போய், "அப்பா, இது உயிரோட இருக்குதா எண்டு எப்பிடித் தெரியும்?" என்று கேட்டாள். தெரியாது, ஊற்றவேண்டியதுதான் என்றேன். அம்மா பக்கத்தில் கதிரை போட்டு இருந்து, உருத்திராக்கத்தை உருட்டினா. அந்த இரவு எங்கள் வீட்டில் ஒரு பதற்றமும் இருக்கவில்லை. அவ்வளவு சத்தத்துக்கு நடுவிலும் ஒவ்வொருவருக்கும் தன் வேலை என்ன என்பது தெரிந்திருந்தது. இதுவரை என் வீட்டில் நான் அறிந்த மிக அமைதியான இரவு அது.

யோகர் சுவாமிகளைப் பற்றி அம்மா அடிக்கடி சொல்லும் ஒரு தகவலோடு இதைச் சேர்த்துப் பார்க்கிறேன். 1872இல் பிறந்து 1964இல் சமாதியடைந்த அவர், துறவுக்கு முன் கிளிநொச்சியில் நீர்ப்பாசன வேலைத்தளத்தில் களஞ்சியப் பொறுப்பாளராக இருந்தவர். இரணைமடுக் குளத்து வேலை நடந்த காலம் அது. குளம் கட்டுவோருக்கு எந்தப் பொருள் எப்போது வேண்டும் என்று கணக்கு வைத்துக் கொடுத்தவர்தான் பிற்காலத்தில் சும்மா இருக்கச் சொன்னவர். அவர் அடியார்களிடையே 1935இல் வெளிவரத் தொடங்கிய இதழின் பெயர் "சிவதொண்டன்". சும்மா இருப்பதையும் தொண்டு செய்வதையும் அந்த மரபு எதிரெதிராக நிறுத்தவே இல்லை. நான்தான், என்னைப் போன்றவர்கள்தான், இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்யவேண்டும் என்று எண்ணிக்கொண்டிருக்கிறோம். ஓய்வுபெற்ற பின் அமைதி, பிள்ளைகள் கரையேறிய பின் அமைதி, எல்லாரும் உறங்கிய பின் அமைதி என்று ஓட்டம் நிற்கும் நாளுக்காகக் காத்திருக்கிறோம்.

அந்த நாள் வரும்போது அமைதியை அனுபவிக்க நாம் இருக்கமாட்டோம். சும்மா இருத்தல் இப்போதே, தண்ணீர் ஓடும்போதே, செய்யவேண்டியது. செய்கிற வேலைக்கு முழுமையாக வழி விடுவது அதன் முதற்பகுதி. அடங்காத மிச்சத்தோடு சண்டை பிடிக்காமல் அதற்கும் ஒரு சிறு வழி விடுவது இரண்டாவது. இவை இரண்டும் ஒருவருக்குத் தன் நிம்மதியைத் தரும். ஆனால் தன் நிம்மதியோடு நின்றுவிடும் பக்தி, பஞ்சுத்தகடு ஒட்டிய அலுமாரிக்கு மேலாகாது. அடுத்த உயிருக்காக வெறுமையாக வைத்திருக்கும் மூன்றாவது வழிதான் அதைச் சமயம் ஆக்குகிறது. கோயிலுக்குப் போய்ச் சாந்தி வேண்டும் என்று கேட்கும் எல்லாருக்கும், எனக்கும், நான் சொல்வது இதுதான்: எதைக் கேட்டாலும் செவிடாக இருக்கும் சாந்தியைக் கேட்காதீர்கள். நள்ளிரவில் ஒரு சத்தம் கேட்டதும் எழும்பிப் போகக்கூடிய சாந்தியைக் கேளுங்கள். போய்ச் செய்யவேண்டியதைச் செய்துவிட்டு, திரும்பி வந்து, விட்ட இடத்திலிருந்து சிவனை நினைக்க முடியுமானால், கேட்டது கிடைத்துவிட்டது.